பொட்டு வைத்த ஜிபிஎஸ்

எங்கள் காரிலிருந்த ஜிபிஎஸ் திருடுபோனபோது அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. என் மாமியார்தான் வைக்கச் சொன்னார். ஸ்டியரிங்குக்கும் முன்கண்ணாடிக்கும் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்த குருக்களை நிறுத்தி, "ஐயரே, இதுக்கும் ஒண்ணு வச்சிடுங்க. வழி சொல்ற பொருள் இல்லையா" என்றார். குருக்கள் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எது முகம், எது முதுகு என்று அவருக்குக் குழப்பம். பிறகு திரைக்கு மேலே ஓரமாக ஒரு பொட்டை அழுத்திவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பொட்டோடு அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரிக்க வேண்டிய கதைதான். பழி என் தம்பி தலையில் விழாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கைபேசியே வழி சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு இன்னும் வராத சமயம் அது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. முன்கண்ணாடியில் ரப்பர் வட்டத்தால் ஒட்டிவைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் இடம், வலம் என்று சொல்லிக்கொண்டே வருவாள். சிங்கப்பூரை ஒரு மத்தியானத்தில் சுற்றி முடித்துவிடலாம், இதில் வழி தொலைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் கணவரைத் தெரியாது. பிறந்து வளர்ந்த ஊரில் அவர் ரயிலிலும் பஸ்ஸிலும் மட்டுமே போய்வந்த மனிதர். லைசென்ஸ் கைக்கு வந்தபோது முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. விரைவுச்சாலையில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால் மேற்கே எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்கு வரவேண்டியவர் கிழக்குக் கோடியில் சாங்கியில் போய் நிற்பார். அதைப் பார்த்துத்தான் நாத்தனார் புருஷன் ஜிபிஎஸ் வாங்கிப் பரிசாகக் கொடுத்தார். கார்தான் பழையது, ஜிபிஎஸ் புத்தம் புதியது.

நான் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை அவர்கள் 'ஊர்க்காரங்க' என்பார்கள். சொல் நல்ல சொல்தான், சொல்கிற வாயைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும். வந்த புதிதில் என்னையும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் காட்டினார்கள். "மருமக லா, ஊர்க்காரப் பொண்ணு." பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம். பிறகு எனக்கு அடையாள அட்டை வந்தது, குழந்தை பிறந்தது, அந்தப் பேச்சும் தேய்ந்துபோனது. என் தம்பி வேலைக்கு வந்து இறங்கியதும் மறுபடியும் ஆரம்பித்தது. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தங்கும் விடுதியில் படுக்கை. அவன் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கார் பூஜையை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், தம்பியும் வருவான் என்று கேட்டது நான்தான். எனக்கென்று இந்த ஊரில் இருந்தது அவன் ஒருத்தன். என் வீட்டு நல்ல காரியத்தில் என் பக்கத்து ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசை ஒன்றுமில்லையே.

காலையிலேயே கிளம்பி, பஸ் மாறி ரயில் மாறி, தமிழ்க் கடைகளும் கோவிலும் இருக்கிற தேக்காவுக்கு வந்து சேர்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, தோளில் எப்போதும் மாட்டியிருக்கும் பை. கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாரம் முழுக்க வெயிலில் வெந்தவர்கள் அன்று ஒருநாள்தான் சொந்த முகங்களைப் பார்ப்பார்கள். நடைபாதை கொள்ளாமல் கூட்டம் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

மாமியார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு வண்டியை நிறுத்தினால் நான்கு கதவும் விரியத் திறந்திருக்க வேண்டும், முன் மூடியும் பின் மூடியும்கூட. சாவியைக் குருக்கள் சாமி காலடிக்குக் கொண்டுபோய் வைத்துத் திருப்பிக் கொண்டுவரும்வரை ஒரு கதவையும் சாத்தக் கூடாது. சாமி உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகுமாம். மாமியாரின் அண்ணன் முதல் லாரி வாங்கிய நாளிலிருந்து இப்படித்தானாம். "கூட்டமா இருக்கும்மா, கதவைச் சாத்திட்டு வாங்க" என்று குருக்களே சொல்லிப் பார்த்தார். "சாத்துனா எப்படி ஐயரே சாமி வரும்" என்று மாமியார் திருப்பிக் கேட்டார். சாமிக்குக் கதவு எதற்கு என்று கேட்க என் நாக்கு துடித்தது. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

சாவி தட்டில் உள்ளே போனது, எல்லோரும் பின்னாலேயே போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியபடி நாத்தனார் புருஷன் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீ வண்டிகிட்ட நின்னுக்க லா. எல்லாம் தொறந்து கெடக்கு."

"சரிங்கண்ணே" என்று அவனும் நின்றுகொண்டான்.

சன்னதி முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிறேன். மாமியார், நாத்தனார், அவர் புருஷன், அவர்கள் பிள்ளைகள், என் கணவர் என்று ஒரு குடும்பமே கைகூப்பி நிற்கிறது. என் தம்பி மட்டும் வெயிலில் காருக்குக் காவல். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படித் தைத்துவிட்டால் சும்மா இருக்கிற ரகம் இல்லை நான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனேன்.

"நீ என்ன வாட்ச்மேனா? உள்ள வா."

"கதவெல்லாம் தொறந்திருக்கேக்கா. பாத்துக்கச் சொன்னாங்க."

"சாமி வந்து உக்காந்திருக்காம்ல, அது பாத்துக்கும். நீ வா."

தயங்கித் தயங்கி வந்தான். நாங்கள் இருவரும் கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றோம். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். தீபாராதனைத் தட்டு வந்ததும் நான்தான் அவன் நெற்றியில் திருநீறு பூசினேன். என்னைவிட்டு ஓரடி நகரவில்லை. இதை நூறு தடவை வாயால் சொல்லிவிட்டேன், இப்போது எழுதியும் வைக்கிறேன். முன்வரிசையில் நின்ற என் வீட்டார் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்து நிற்பவர்களுக்கு முதுகில் கண் இருக்குமா? அவனை உள்ளே கூப்பிட்டதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. அதே நாள் திரும்பி வந்தாலும் கூப்பிடுவேன்.

பூஜை முடிந்ததும், சொன்ன வேலையை விட்டுவிட்டு வந்தோமே என்ற பயத்தில் அவன் முதல் ஆளாக வெளியே வந்தான். நான் அவன் பின்னாலேயே வந்தேன். காருக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, அந்தப் பொட்டியக் காணோம்."

முதலில் பார்த்தவனும் அவன்தான், சொன்னவனும் அவன்தான். கள்ளன் அப்படிச் சொல்வானா என்று யாருக்கும் தோன்றவில்லை. மற்றவர்கள் வெளியே வரும்போது அவன் காரருகில் முழித்துக்கொண்டு நின்றான். அவர்கள் கண்ணில் பட்டது அந்தக் காட்சி மட்டும்தான்.

கண்ணாடியில் ரப்பர் ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. ஒயரைக்கூட விடாமல் உருவியிருந்தார்கள். என் கணவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். நாத்தனார் புருஷன் டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைக்கூடக் குனிந்து பார்த்தார், ஏதோ ஜிபிஎஸ் தானாக இறங்கி அங்கே போய்ப் படுத்திருக்கும் என்பதைப்போல. நிமிர்ந்தவர் என் தம்பியின் தோளிலிருந்த பையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. யாரும் கேட்காமலே பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தான். சாப்பாட்டு டப்பா, துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, என் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த கிலுகிலுப்பை. நடுத்தெருவில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், என் தம்பி துண்டை உதறிக் காட்டினான். "என்னடா பண்ற, உள்ள வை" என்று நான் கத்தினேன். என் வீட்டார் ஒருவராவது "ஐயையோ, அதெல்லாம் எதுக்கு" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். முழுதாகப் பார்த்து முடித்த பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் வீட்டில் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. "வேலை இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் தேக்காவிலிருந்தே கிளம்பிவிட்டான். கிலுகிலுப்பை என் கையில் இருந்தது. வடை பாயசத்தோடு இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது.

"பையில வச்சிருப்பானா? அங்க அவன் கூட்டாளிங்க எத்தன பேரு நின்னானுங்க. கை மாத்திவிட எவ்வளவு நேரம் ஆகும்" என்றார் நாத்தனார் புருஷன். "சண்டே லா. தேக்கா முழுக்க ஊர்க்காரன்தான்."

அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்து இறங்கியவர்தான், அதுவும் எங்கள் மாவட்டத்திலிருந்து. அதை அந்த இலைக்கு முன்னால் சொன்னால் பாயசம் கசந்துபோகும் என்று சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

"அவன் என்கூட உள்ள நின்னான். நான்தான் கூப்பிட்டேன். தீபாராதனை முடியற வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தான்."

யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாத்தனார் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். "தம்பியாச்சே. நீ வேற என்ன சொல்லுவ."

அங்கே நான் சாட்சி இல்லை, வெறும் அக்கா. என் கண்ணால் பார்த்ததற்கு அந்த வீட்டில் மதிப்பு அவ்வளவுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

"அப்ப போலீஸ் ரிப்போர்ட் பண்ணுங்க" என்றேன். "எதிர்க் கடை வாசல்ல கேமரா இருக்கு. நான் பாத்தேன். கார் முன்னாடி யார் வந்தா, யார் எடுத்தான்னு அதுல இருக்கும். போலீஸ் கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

அப்போது மாமியார் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். சாம்பார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு கனிவாகச் சொன்னார்.

"வேணாம்மா. போலீஸ்னு போனா அந்தப் பையன் பெர்மிட் போயிடும். ஊருக்கு அனுப்பிடுவாங்க. பாவம் லா. போனது ஒரு பொருள்தானே. நம்ம குடும்பத்துப் புள்ள, நாமதான் பாத்துக்கணும்."

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார் நாத்தனார் புருஷன். தன் பரிசு போனதைப் பெரிய மனசோடு தாங்கிக்கொள்வதாக ஒரு முகம். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்தக் கருணையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருடன் என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாவம் என்றார்கள். விசாரிக்காமலே தீர்ப்பு எழுதி, தண்டனை வேண்டாமென்று தள்ளுபடியும் செய்துவிட்டார்கள். அப்பீல் எங்கே போய்ச் செய்வது? அன்று ராத்திரி கணவரிடம் கேட்டேன், நீங்களாவது என்னை நம்புகிறீர்களா என்று. "விடு, அதான் யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்று திரும்பிப் படுத்தார்.

மறுநாளே நான் தனியாகத் தேக்காவுக்குப் போனேன். எதிர்க் கடைக்காரர் நல்ல மனிதர்தான். "கேமரா ஓடுதும்மா. ஆனா நான் எடுத்துக் குடுக்க முடியாது. போலீஸ் வந்து கேட்டா குடுப்பேன். அதுவும் சீக்கிரம் சொல்லுங்க, கொஞ்ச நாள்ல பழசெல்லாம் தானா அழிஞ்சிடும்" என்றார். இருக்கிறது என்ற தெம்பே எனக்குப் போதுமாக இருந்தது. அழிவதற்குள் போலீசுக்குப் போனால் என் தம்பி திருடன் இல்லை என்று அந்த வீட்டுக்கே படம் போட்டுக் காட்டிவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் மலரும் என்று பார்த்தால், டீயைக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"வேணாங்க்கா."

"ஏன்டா? நீ எடுக்கலியே."

"எடுக்கலதான்."

"அப்புறம் என்ன பயம்?"

"போலீஸ் கூப்பிட்டா கம்பெனிக்குத் தெரியும். எங்க ரூம்ல ஒரு அண்ணன் இருந்தாரு. விடுதில யாரோ போட்ட சண்டை. அவரு பாத்தவரு, அவ்வளவுதான். சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ போய் வந்தாரு. அடுத்த பெர்மிட்டு கம்பெனி போடல. பிரச்சினை உள்ள ஆளு வேணாம்னுட்டாங்க. நான் எடுக்கலன்னு போலீஸ் சொல்லும்க்கா. அது வெளிவர்றதுக்குள்ள என்னை அனுப்பிடுவாங்க."

"அப்ப காலம் பூரா அந்த வீட்டுல திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு இருப்பியா?"

"அவங்க அப்படிச் சொல்லலியேக்கா."

"சொல்லாம இருக்கறதுதான்டா சொல்றது."

நான் திட்டினேன். முதுகெலும்பு இல்லாதவன் என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்காக ஒண்ணு பண்ணுக்கா, போலீசுக்குப் போவாத" என்றான். அவன் பிழைப்பு அது. அதன்மேல் என் ரோஷத்தை ஏற்ற எனக்கு என்ன உரிமை? போகவில்லை. கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கேமராவை அண்ணாந்து பார்த்தேன். உண்மை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு பல வருஷங்கள் அவன் இங்கே இருந்தான். என் வீட்டில் அவனை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலாம். தீபாவளிக்கு வருவான். வந்ததும் மாமியார், "வாப்பா, உக்காரு" என்று வாய் நிறைய வரவேற்பார். அதே மூச்சில் நாத்தனாரைப் பார்த்து, "உன் கைப்பை சோபாவுலயே கெடக்கு பாரு, ரூம்ல வச்சிடு" என்பார். முறுக்கு வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாக அவன் தட்டில் விழும். குளியலறைக்குப் போனால், அவன் வெளியே வரும்வரை யாராவது ஒருத்தர் எதையோ தேடுவதுபோல் கூடத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அவன் ஒன்றும் தெரியாதவன்போல் முறுக்கைக் கடிப்பான். நான் அடுப்படியில் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன்.

ஒருமுறை தோ பாயோவில் மாமியாரின் தங்கை வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உன் தம்பி இப்ப எப்படிம்மா இருக்கான்? திருந்திட்டானா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அக்காதான் சொன்னாங்க. தப்பா ஒண்ணும் சொல்லல. சின்னப் பையன், ஏதோ ஆசையில எடுத்துட்டான், நாங்க ஒண்ணும் கேட்டுக்கலன்னு பெருமையாத்தான் சொன்னாங்க." அவன் எடுக்கவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அக்கான்னா உன்ன மாதிரி இருக்கணும்" என்று என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

அதற்கப்புறம் தம்பி மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்து எனக்கு போன் அடிப்பான். நான் டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு இறங்குவேன். குழந்தை பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள். "மாமா ஏன் மேல வர மாட்றாங்க" என்று கேட்டாள். மாமாவுக்கு லிஃப்ட் பயம் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? என் கணவர் இன்னொரு ஜிபிஎஸ் வாங்கினார், அது பழுதானது, பிறகு எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பெட்டியை ரோட்டில் போட்டாலும் ஒருத்தரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

கடைசியில் தம்பி ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினான். முதுகுவலி வந்துவிட்டது, கல்யாணமும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது, போதும் என்று முடிவெடுத்துவிட்டான். என் கணவர் தானாகவே, "நானே ஏர்போர்ட்டுல விட்டுடறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு கசக்கிறது. வண்டியில் போகும்போது அவர்கள் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். ஊரில் என்ன தொழில் செய்யலாம், எந்தப் பக்கம் இடம் வாங்கலாம் என்று. நான் பின்சீட்டில் உட்கார்ந்து, போகிறவன் நல்லபடியாகப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பெட்டிகளைப் போட்டுவிட்டு உள்ளே போகிற வாசலுக்கு வந்தோம். என் கணவர் அவன் தோளில் கைபோட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"மாப்ள, பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. அந்த ஜிபிஎஸ் விஷயம். நான் அப்பவே மறந்துட்டேன். சின்ன வயசுல யாரும் பண்றதுதான்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான்.

"மன்னிச்சிருங்க மாமா. தெரியாமப் பண்ணிட்டேன்."

என் கணவர் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார், முதுகில் தட்டிக்கொடுத்தார். "அதான் சொல்றனே, விடு விடு" என்றார். தம்பி குனிந்து அவர் காலைத் தொட்டான், என் காலைத் தொட்டான். நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் போய், பாஸ்போர்ட்டை நீட்டி, கூட்டத்தோடு கலந்துவிட்டான். ஊரையே கூட்டிக் கத்துகிறவள், அங்கே மரம்போல நின்றேன்.

திரும்பி வரும்போது கணவர் விரைவுச்சாலையில் ஏறும்வரை ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பிறகு மெதுவாக, "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. சமாதானப்படுத்துகிற குரல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார். மாமியார் உடனே நாத்தனாருக்கு போன் அடித்தார். "நல்ல பையன் லா. போறப்ப மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கான்." அந்தப் பக்கம் நாத்தனார் புருஷனின் குரலும் கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பல வருஷ வழக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் தம்பி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் செய்தான். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? நீ என்ன பண்ணின, மன்னிப்புக் கேக்க?"



"நான் வந்துட்டேன்க்கா. உனக்குத்தான் இன்னும் எவ்வளவோ காலம் அங்க இருக்கு. என்னால அவங்களோட நீ மல்லுக்கு நிக்க வேணாம். போகுது விடு. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு."

அவனுக்கு ஒன்றும் குறையவில்லை. தன் பங்குக்கு எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தான், பாவி. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குள் நான் ஒருத்தி நின்று, பார்த்தேன், பக்கத்திலிருந்தேன், பார்த்தேன் என்று தொண்டை வற்றச் சொன்னதையெல்லாம் ஒரே வார்த்தையில் பொய்யாக்கிவிட்டுப் போனது அவனுக்குத் தெரியவில்லை. சொல்லியும் பயனில்லை. "உடம்பைப் பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்தேன். அவர் என் கைமேல் தன் கையை வைத்தார்.

"நீ ஒண்ணும் மனசு சங்கடப்படாதம்மா. கூடப் பொறந்தவன். காப்பாத்தணும்னு பொய் சொன்ன. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நாங்க உன்ன ஒண்ணும் நெனைக்கல."

என்னையும் மன்னித்துவிட்டார்கள்.